அவர் இப்போது எங்கே?

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் பத்திரிகைகளில் ஒரு சிறிய செய்தி வந்திருந்தது. இந்தியாவின் தெலுங்கானா மாநிலத்தைச் சேர்ந்த 27 வயது இளைஞர் ஒருவர், சவூதி அரேபியாவில் ஒரு தொலைத்தொடர்புக் கம்பனியில் வேலை பார்த்தவர். வேலை விடயமாக சூடான் நாட்டுச் சகா ஒருவருடன் 'ருப்உல் காலி' பாலைவனத்துக்குள் வாகனத்தில் போயிருக்கிறார். வழிகாட்டும் ஜி.பி.எஸ். கைகொடுக்கவில்லை. பாதை தவறியது. எரிபொருள் தீர்ந்தது. கைத்தொலைபேசியில் சார்ஜும் தீர்ந்தது. நாட்கள் சில கழித்து இருவரின் ஜனாஸாக்களும் அந்த வாகனத்தின் பக்கத்தில் தொழுகை விரிப்பின் மேல் கிடந்ததாக எழுதியிருந்தார்கள்.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு சகோதரி. அவருடைய கணவர் சவூதியில் நில அளவை வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பனியில் சாரதி. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் "உள்ளுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளுக்கு என்றால் பாலைவனத்துக்குள். போனால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு சத்தமும் இருக்காது.

"போன் கையில இருந்தது தானே ராத்தா, அப்ப ஏன் தேடிப் புடிக்க ஏலாமப் போன?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். மேலே செய்மதி இருக்கிறது, அது எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, போன் கையில் இருக்கும்வரை ஆள் தொலைந்துபோக மாட்டார் என்றுதான் நம்மில் அநேகம் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போன நம் வாப்பாமார், நானாமார் கசற்றில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேர வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நமக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு போனைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம்.

வானொலி கேட்பது போல

ஜி.பி.எஸ். என்பது என்ன? ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் செய்மதிகள் இடைவிடாமல் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நமது போன் நான்கு செய்மதிகளின் அறிவிப்பையாவது கேட்டு, கணக்குப் போட்டு, "நான் இங்கே நிற்கிறேன்" என்று தெரிந்துகொள்கிறது. அவ்வளவுதான். போன் அந்தச் செய்மதிக்கு ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்வதில்லை.

நாம் வீட்டில் இருந்து வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்கிறோம். நாம் கேட்கிறோம் என்பது கொழும்பில் இருக்கும் அறிவிப்பாளருக்குத் தெரியுமா? தெரியாது. ஜி.பி.எஸ்.ஸும் அப்படித்தான். பாலைவனத்தில் நிற்பவருக்குத் தான் நிற்கும் இடம் தெரியும். அந்த இடத்தை மற்றவருக்குத் தெரிவிக்க வேறொரு வழி வேண்டும். ஊரில் அந்த வழி தொலைபேசிக் கோபுரம். கோபுரம் இல்லாத இடத்தில் வட்ஸ்அப்பும் இல்லை, புள்ளியும் இல்லை.

இன்னொரு விடயம். போனில் இருக்கும் வரைபடம் பெரும்பாலும் இணையத்தில் இருந்து அந்தந்த நேரத்தில் இறங்குவது. இணையம் அறுந்தால் புள்ளி இருக்கும், அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் இருக்கும். பாதை எந்தப் பக்கம் என்று தெரியாது. புறப்படுமுன் அந்தப் பிரதேசத்தின் வரைபடத்தை முழுதாகப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. கூகுள் வரைபடத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆகஸ்ட் மாதச் சம்பவத்தில் ஜி.பி.எஸ். எப்படிக் கைவிட்டது என்று சொல்வதற்கு அங்கே யாரும் மீதியாக இல்லை.

வட்ஸ்அப்பில் 'நேரலை இருப்பிடம்' என்று அனுப்புகிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். அது அதிகபட்சம் 8 மணித்தியாலத்துக்குத்தான். இடையில் சமிக்ஞை அறுந்தால் புள்ளி கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். பார்ப்பவர், அவர் சாப்பிட நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணிக்கொள்வார். அவரோ அங்கிருந்து நூறு கிலோமீற்றர் தாண்டியிருப்பார். ஆகவே புள்ளியைப் பார்க்கும்போது பக்கத்தில் 'இத்தனை நிமிடத்துக்கு முன்' என்று சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயணப் பெட்டியில் போடும் எயார்டேக் வில்லையை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது பக்கத்தில் போகிறவர்களின் ஐபோன்களைக் கொண்டு தன் இடத்தை அறிவிப்பது. விமான நிலையத்தில் பெட்டி தேட நல்ல சாமான். ஆளில்லாத மணல்மேட்டில் அதற்கு வேலையே இல்லை.

வானத்தோடு பேசும் கருவிகள்

ருப்உல் காலியின் பரப்பு ஏறத்தாழ 650,000 சதுர கிலோமீற்றர். நமது நாட்டைப் போலப் பத்து மடங்கு. பெயருக்கே 'வெறுமையான கால்பங்கு' என்றுதான் பொருள். இப்படியான இடங்களில் பேசக்கூடிய கருவிகள் மூன்று வகை.

முதலாவது செய்மதித் தொலைபேசி. வளைகுடாவில் அதிகம் பேர் அறிந்தது அபூதாபியில் தொடங்கப்பட்ட 'துரையா'. நம் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் ஸுரையா என்ற பெயரும் அதுவும் ஒன்றுதான், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அரபியில் அந்தப் பெயர். இந்தப் போனில் சாதாரணமாகப் பேசலாம். ஆனால் அந்தக் கம்பனியின் செய்மதி மேலே இருக்கும் பிரதேசத்தில் மட்டும். 2024 ஏப்ரலில் அதன் ஒரு செய்மதி பழுதடைந்து அவுஸ்திரேலியா, கிழக்காசியா பக்கங்களில் சேவை நின்றுபோனது. 'இரிடியம்' என்ற வேறொரு கம்பனிக்கு 66 செய்மதிகள் தாழ்வான பாதையில் பூமி முழுவதையும் சுற்றி இருக்கின்றன. அதனால் அதற்கு இந்த எல்லை இல்லை.

இரண்டாவது, செய்தி அனுப்பும் சிறிய கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும். 'கார்மின் இன்ரீச்' என்பது அதிகம் அறியப்பட்டது. இரிடியம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துவிட்டால் போகும் பாதையைத் தானாகவே அறிவித்துக்கொண்டு போகும், வீட்டில் இருப்பவர் ஒரு இணையப் பக்கத்தில் பார்க்கலாம். ஆபத்துப் பொத்தானை அமுக்கினால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரவுபகலாக விழித்திருக்கும் நிலையம் ஒன்றுக்குச் செய்தி போகும். அவர்கள் அந்த நாட்டு மீட்புப் பிரிவுக்கு அறிவிப்பார்கள். விலை நூற்றுக்கணக்கான டொலர். மாதச் சந்தா வேறு. சந்தா கட்டாவிட்டால் ஆபத்துப் பொத்தானும் வேலை செய்யாது. இதை மறந்துவிட்டு மேசை லாச்சியில் இருந்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதை எனக்கு மிகவும் பிடிக்கும். 'பி.எல்.பி.' என்பார்கள், தனியாள் அபாய சமிக்ஞைக் கருவி. இதில் பேச முடியாது, எழுத முடியாது. ஒரே ஒரு வேலைதான். அன்டெனாவை நிமிர்த்திப் பொத்தானை அமுக்கினால் 406 மெகாஹேர்ட்ஸில் "ஆபத்து, நான் இங்கே" என்று குறைந்தது 24 மணித்தியாலம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சந்தா இல்லை. பற்றரி ஐந்தாறு வருடம் தாங்கும். அந்தக் கூப்பாட்டைக் கேட்பதற்கென்று 'கொஸ்பாஸ் சார்சாட்' என்ற அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டிருந்த 1979 இல், கனடாவையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு இதற்கு மட்டும் கைகோத்தார்கள். 1982 செப்டெம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்த மூவர் இதனால் முதலில் காப்பாற்றப்பட்டார்கள். அன்றிலிருந்து 60,000 பேருக்கு மேல் காப்பாற்றப்பட்டுள்ளார்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். 121.5 மெகாஹேர்ட்ஸில் மட்டும் கூப்பிடும் பழைய கருவிகளைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி முதல் கேட்பதில்லை.

இந்தக் கருவியை வாங்கியவுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்கள் கேட்பார்கள். கூப்பாடு கேட்டவுடன் மீட்பு நிலையத்தார் செய்யும் வேலைகளில் ஒன்று, அந்த எண்ணுக்கு அழைப்பதுதான். ஏனென்றால் வரும் சமிக்ஞைகளில் பெரும்பாலானவை கைதவறி அமுக்கியவை. "உங்கள் கணவர் இப்போது எங்கே? யாருடன் போனார்? எந்த வாகனம்? எவ்வளவு தண்ணீர் கொண்டு போனார்?" என்று கேட்பார்கள். இரவு இரண்டு மணிக்கு, தெரியாத வெளிநாட்டு எண்ணில் இருந்து அந்த அழைப்பு வரலாம். மோசடி அழைப்பென்று நாம் வெட்டிவிட்டால்? எடுத்தாலும், "சவூதியில... ரியாதில..." என்பதற்கு மேல் நமக்குச் சொல்லத் தெரியாவிட்டால்?

2022 நவம்பர் முதல் ஐபோன் 14 இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கோபுரம் இல்லாத இடத்தில் செய்மதி வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி, பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. எல்லா நாட்டிலும் இல்லை. போகும் நாடு பட்டியலில் உண்டா என்று பார்க்காமல் இதை நம்பிப் போகக் கூடாது.

சட்டம் ஒன்றும் இருக்கிறது

மகனுக்கோ கணவருக்கோ அன்பளிப்பாக ஒரு செய்மதிக் கருவி வாங்கிக் கொடுக்க எண்ணுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் அனுமதியின்றிச் செய்மதித் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு கனடா நாட்டுப் பெண்ணை, பையில் இன்ரீச் வைத்திருந்ததற்காகத் தடுத்து வைத்தார்கள். அவர் ஓட்டப் பயிற்சிக்காக அதைக் கொண்டு திரிபவர். நம்மவர்கள் சென்னை வழியாகவும் போய்வருகிறார்கள் அல்லவா? போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு, திரும்பி வரும்போது நமது நாட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இந்த மூன்று இடத்து விதியையும் கேட்டறியாமல் வாங்கக் கூடாது.

உண்மையில் வேலைக்குப் போகிறவருக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டியது வீட்டார் அல்ல, வேலை கொடுப்பவர். வளைகுடாவின் பெரிய எண்ணெய்க் கம்பனிகளில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. பாலைவனப் பயணம் புறப்படுமுன் பாதையும் நேரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார். போய்ச் சேர்ந்ததும் அவருக்கு அறிவிக்க வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் அவரே தேடத் தொடங்குவார். வாகனத்திலும் கண்காணிப்புக் கருவி பூட்டியிருக்கும். சிக்கல் எங்கே என்றால் அந்தப் பெரிய கம்பனியிடம் குத்தகை எடுத்தவரிடம், அவரிடமிருந்து இன்னொரு குத்தகை எடுத்தவரிடம். நம் ஆட்கள் அநேகமாக அந்தக் கடைசிப் படியில்தான் வேலை செய்கிறார்கள்.

அல்முர்ரா கோத்திரத்தார்

ருப்உல் காலியைச் சார்ந்து வாழும் அல்முர்ரா என்ற கோத்திரத்தார் கால்தடம் பார்ப்பதில் பேர் பெற்றவர்கள். மணலில் பதிந்த தடத்தைப் பார்த்து ஒட்டகத்தையும் ஆளையும் அடையாளம் சொல்வார்கள் என்பார்கள். சவூதிப் பொலிஸாரே தடம் பார்க்க அவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒன்று வேண்டும். எந்த இடத்தில் இருந்து பார்க்கத் தொடங்குவது? அந்தத் தொடக்கப் புள்ளியை யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் மாதச் செய்தியைத் திரும்ப வாசித்தபோது எனக்கு மனதில் தைத்தது இதுதான். வழிதவறினால் வாகனத்தை விட்டு நடக்கக் கூடாது, மேலிருந்து தேடுகிறவனுக்கு மனிதனைவிட வாகனம்தான் தெரியும் என்பது பாலைவனத்தின் முதல் பாடம். அந்த இருவரும் கடைசியில் வாகனத்தின் பக்கத்திலேயே இருந்தார்கள். தேடுகிறவர்கள்தான் நேரத்துக்கு வரவில்லை.

அலுமாரிக் கதவில் ஒரு கடதாசி

நமது ஒழுங்கைச் சகோதரிக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்துக் கருவி வாங்க வசதியில்லை. கணவரின் கம்பனியும் சின்னக் கம்பனி. ஆகவே நாங்கள் இருவரும் உட்கார்ந்து காசு செலவில்லாத ஒரு வேலை செய்தோம். ஒரு கடதாசி எழுதினோம்.

மேலே கணவரின் பெயர், கடவுச்சீட்டு எண், இக்காமா எண். இக்காமா எண் அவரிடம் இருக்கவே இல்லை, அன்றிரவு கேட்டு எழுதினார். கம்பனியின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினோம், அரபியில் எழுதிய அட்டையின் படத்தையும் பிரதி எடுத்து ஒட்டினோம். மேற்பார்வையாளரின் எண். கூடப் போகும் இரண்டு பேரின் பெயரும் எண்ணும். ஒருவர் நேபாளி, ஒருவர் கேரளக்காரர். அந்தக் கேரளக்காரரின் மனைவியின் எண்ணையும் வாங்கிக்கொண்டோம். எங்கள் சகோதரிக்கு வந்த யோசனை அது, எனக்கு வரவில்லை. வாகனத்தின் நிறம், இலக்கம்.

அதற்குக் கீழே ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று கோடு. எங்கிருந்து எங்கே போகிறார், எப்போது திரும்பிக் கோபுரம் இருக்கும் இடத்துக்கு வருவார், எந்த நேரம் தாண்டினால் நாம் தேடத் தொடங்க வேண்டும். மூன்றாவது கோடுதான் முக்கியம். "வியாழன் பின்னேரம் ஆறு மணிக்குப் பேசுவேன். வெள்ளி விடிய ஆறு மணி வரை பேசாவிட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிடு" என்று அவர் வாயாலேயே சொல்லி எழுத வேண்டும். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால் இரண்டு நேரத்தையும் எழுதினோம். இந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? 'சார்ஜ் இல்லாமல் இருக்கும்', 'தூங்கியிருப்பார்', 'அவசரப்பட்டால் அவருக்கு வேலையிடத்தில் அவமானம்' என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் போகும். அந்த வெயிலில் ஒரு நாள் என்பது சின்னக் கணக்கல்ல.

மேற்பார்வையாளர் "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் அடுத்த எண்கள்: சவூதி சிவில் பாதுகாப்பு 998, ஆனால் அது அந்த நாட்டுக்குள் இருந்து அழைப்பதற்கு. கூட வேலை செய்யும் ஒருவரை அழைக்கச் சொல்ல வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989. ரியாதில் உள்ள நமது தூதரகத்தின் எண்.

புறப்படும் இடத்தில், கோபுரம் அறுவதற்கு முன், ஒரு இருப்பிடக் குறி அனுப்பும்படியும் சொன்னோம். அந்தக் குறியை அமுக்கிப் பார்த்தால் இரண்டு எண்கள் தெரியும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் பத்துப் பதினொரு மீற்றருக்குள் இடம் சொல்லிவிடும். அதைக் கடதாசியில் எழுதிக்கொள்ள வேண்டும், போன் தொலையலாம், உடையலாம்.

இதை எழுதும்போது வேறொரு கூட்டமும் ஞாபகம் வருகிறது. வீட்டு வேலைக்குப் போன நம் சகோதரிகள். ஹாயிலிலோ நஜ்ரானிலோ ஊருக்கு வெளியே உள்ள தோட்ட வீட்டில் இருப்பார்கள். வீட்டாரிடம் கேட்டால் "ரியாத்" என்பார்கள், விமானம் இறங்கிய இடம் அது. சில வீடுகளில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே போய்ச் சேர்ந்த முதல் நாளே, போன் கையில் இருக்கும்போதே, இருப்பிடக் குறியை அனுப்பிவிட வேண்டும். சவூதியில் பதிவான கட்டடங்களுக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட சுருக்க முகவரி உண்டு. அதுவும் கிடைத்தால் எழுதிக்கொள்ளலாம்.

கடதாசி விடயத்தைக் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தாராம். "என்ன, சீ.ஐ.டி. வேலையா?" பிறகு கொஞ்சம் கோபமும் வந்திருக்கிறது. சந்தேகப்பட்டுப் பின்தொடர்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை விளங்கப்படுத்த அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஊரில் நிற்கும் நாட்களில் அவர் எங்கே போகிறார் என்று கேட்க மாட்டேன், 'உள்ளுக்கு' போகும் நாட்களில் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று ஒப்பந்தம்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கடதாசி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது. வாகன இலக்கம் வெட்டப்பட்டு, பக்கத்தில் வேறொரு இலக்கம் எழுதியிருந்தது.

"வண்டி மாத்தியாம் ராத்தா" என்றார். "அவரே எடுத்துச் சொன்ன. நான் கேக்கவே இல்ல."